ஹோம்ஸ்டே நடத்துவோர் கவனத்துக்கு: தங்குமிட வரியைச் செலுத்த வேண்டியது முன்பதிவுத் தளமா, உரிமையாளரா? – முழு விவரம்

புதுடெல்லி: கோவா கடற்கரையோர வீடு, மணாலியில் ஆப்பிள் தோட்டத்து மாடியறை, குடகில் காப்பித் தோட்ட பங்களா, மூணாறில் மலைச்சரிவு வீடு எனக் குடியிருப்பு வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வழக்கம் நாடு முழுவதும் பரவியுள்ளது. ஓர் அறையை மட்டும் விடுபவர், தனி வீட்டை முழுமையாக விடுபவர், வெளிமாநிலத்தில் இருந்தபடியே பராமரிப்பாளர் மூலம் நடத்துபவர் என இத்தொழிலில் பல வகையினர் உள்ளனர். அனைவருக்கும் பொதுவாக எழும் கேள்வி ஒன்றுதான்: விருந்தினர் செலுத்தும் தங்குமிட வரியை அரசுக்குக் கட்ட வேண்டியவர் யார்?

இணையவழி முன்பதிவுத் தளம் அனுப்பும் கணக்கு அறிக்கையில் வரி, கட்டணம், பிடித்தம் என்று பல வரிசைகள் காணப்படுகின்றன. அவற்றைப் பார்க்கும் உரிமையாளர், தமது வரிக் கடமை அத்துடன் முடிந்துவிட்டதாகக் கருதிவிடுவது எளிது. ஆனால் ஓர் ஆண்டின் மொத்த விற்றுமுதல் ரூ.20 லட்சத்தைக் கடந்தவுடன், அதுவரை தளத்தின் மீது இருந்த பொறுப்பு உரிமையாளரின் மீது வந்து விழுகிறது. அதைக் கவனிக்கத் தவறினால் வரியுடன் வட்டியும் அபராதமும் சேர்ந்துகொள்ளும். இது தொடர்பான விதிகளின் விளக்கம் வருமாறு:

ஆடம்பர வரியிலிருந்து ஜிஎஸ்டிக்கு

வெளிநாடுகளில் பல நகராட்சிகள் தங்கும் அறைகளுக்குத் தனி வரி விதிக்கின்றன. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரம் 2024ஆம் ஆண்டு முதல் அறை வாடகையில் 12.5 சதவீதத்தைச் சுற்றுலா வரியாக வசூலிக்கிறது. இந்தியாவில் அத்தகைய நகராட்சி வரி இல்லை. இங்கு இந்த அதிகாரம் முன்பு மாநிலங்களிடம் இருந்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் உள்ள மாநிலப் பட்டியலின் 62ஆம் இனத்தின் கீழ், மாநிலங்கள் ஆடம்பர வரி விதித்து வந்தன. 1976ஆம் ஆண்டின் கேரள ஆடம்பர வரிச் சட்டம், தமிழ்நாட்டில் ஓட்டல்களுக்கும் தங்கும் விடுதிகளுக்குமாக 1981இல் இயற்றப்பட்ட ஆடம்பர வரிச் சட்டம், 1988ஆம் ஆண்டின் கோவா ஆடம்பர வரிச் சட்டம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

2016ஆம் ஆண்டில் நிறைவேறிய 101ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இந்த நிலையை மாற்றியது. 62ஆம் இனத்திலிருந்து ஆடம்பர வரி நீக்கப்பட்டது. ஊராட்சி, நகராட்சி போன்ற அமைப்புகள் விதிக்கும் கேளிக்கை வரி மட்டுமே அதில் எஞ்சியது. 2017 ஜூலை 1 முதல் அறை வாடகை மீதான வரி, சரக்கு மற்றும் சேவை வரி எனப்படும் ஜிஎஸ்டிக்குள் வந்தது. இதில் பாதி மத்திய அரசுக்கும் பாதி வீடு அமைந்துள்ள மாநிலத்துக்கும் செல்கிறது. லடாக், அந்தமான் நிகோபார் போன்ற, சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசங்களில் மாநிலப் பங்குக்குப் பதிலாக யூனியன் பிரதேச வரி கணக்கிடப்படுகிறது.

இப்போதைய வரி விகிதம்

2022 ஜூலை 18 வரை, நாளொன்றுக்கு ரூ.1,000 வரை வாடகை உள்ள அறைகளுக்கு வரிவிலக்கு இருந்தது. அந்த விலக்கு நீக்கப்பட்டு, ரூ.7,500 வரையிலான அனைத்து அறைகளுக்கும் 12 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 3 அன்று நடைபெற்ற 56ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தின் முடிவின்படி, அதே மாதம் 22ஆம் தேதி முதல் இந்த விகிதம் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நாளொன்றுக்கு ரூ.7,500க்கு மேல் உள்ள அறைகளுக்கு 18 சதவீத வரி தொடர்கிறது.

குறைக்கப்பட்ட விகிதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. 5 சதவீத வரி செலுத்துபவர், தாம் வாங்கும் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ள முடியாது. மெத்தை, குளிர்சாதனக் கருவி, வண்ணப்பூச்சு, தளத்தின் சேவைக் கட்டணம் ஆகியவற்றின் மீது செலுத்திய வரி முழுவதும் உரிமையாளரின் செலவாகவே நிற்கும். வரவைப் பெறுவதற்காக ரூ.7,500க்கு உட்பட்ட அறைக்கு 18 சதவீத விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் இல்லை என்று மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் விளக்கம் அளித்துள்ளது.

விகிதத்தைத் தீர்மானிப்பது விலைப்பட்டியலில் உள்ள தொகை அன்று. உண்மையில் வசூலிக்கப்படும் தொகையே. 2018 ஜூலை 27 முதல் இந்த நடைமுறை உள்ளது. எனவே ரூ.9,000 என்று விலை குறிக்கப்பட்ட அறை, மழைக்காலத் தள்ளுபடியில் ரூ.7,000க்கு விடப்பட்டால் 5 சதவீத வரி, டிசம்பரில் ரூ.9,000க்கே விடப்பட்டால் 18 சதவீத வரி. ஒரே அறைக்கு ஓர் ஆண்டில் இரு விகிதங்கள் பொருந்தக்கூடும்.

எல்லைக்கோட்டில் வேறுபாடு கணிசமானது. ரூ.7,500 வாடகைக்கு வரி ரூ.375. வாடகை ஒரு ரூபாய் கூடி ரூ.7,501 ஆனால் வரி ஏறத்தாழ ரூ.1,350 ஆகிவிடும்.

வாடகை கணக்கிடப்படுவது ‘ஒரு தங்கும் அலகு, ஒரு நாள்’ என்ற அடிப்படையில். நான்கு படுக்கையறை கொண்ட வீட்டில் அறைகள் தனித்தனியாக, தலா ரூ.6,000க்கு வெவ்வேறு விருந்தினருக்கு விடப்பட்டால் ஒவ்வோர் அறையும் ஓர் அலகாகும். அதே வீடு ஒரே குடும்பத்துக்கு, ஒரே விலையாக ரூ.24,000க்கு விடப்பட்டால், முழு வீட்டையும் ஓர் அலகாகக் கொண்டு 18 சதவீத வரி கோரப்படக்கூடும். எனவே தளத்தில் வீட்டைப் பட்டியலிடும்போதே அறைகளாக விடுவதா, முழு வீடாக விடுவதா என்பதைத் தெளிவாக முடிவு செய்து, பில்லிலும் அவ்வாறே காட்ட வேண்டும்.

வரியைக் கட்ட வேண்டியவர் யார்?

மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவு இதற்கு விடை தருகிறது. ஓட்டல், விருந்தினர் இல்லம், முகாம் போன்ற இடங்களிலும், தங்குவதற்கான பிற வணிக இடங்களிலும் அளிக்கப்படும் சேவை இணையவழித் தளம் மூலம் விற்கப்பட்டால், அதற்கான வரியைத் தளமே செலுத்த வேண்டும். ஆனால் சேவை அளிப்பவர் 22(1) பிரிவின்படி ஜிஎஸ்டி பதிவு பெறக் கடமைப்பட்டவராக இருந்தால், வரியைச் செலுத்த வேண்டியவர் அவரே.

சேவைத் தொழிலில் இந்தப் பதிவுக்கான வரம்பு, ஒரு நிதியாண்டில் ரூ.20 லட்சம் விற்றுமுதல். மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுரா ஆகிய மாநிலங்களில் இது ரூ.10 லட்சம். இதன் அடிப்படையில் மூன்று நிலைகள் உருவாகின்றன:

முதலாவது, வரம்புக்கு உட்பட்ட உரிமையாளருக்குத் தளம் மூலம் வரும் முன்பதிவு. விருந்தினரிடம் வரியை வசூலித்து அரசுக்குச் செலுத்துவது தளத்தின் பொறுப்பு. தளம் மூலம் விற்பதாலேயே உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டாவது, அதே உரிமையாளருக்குத் தொலைபேசி, வாட்ஸ்அப், பழைய விருந்தினரின் பரிந்துரை ஆகியவை மூலம் வரும் நேரடி முன்பதிவு. இதற்கு வரி இல்லை. அவர் பில்லில் ஜிஎஸ்டி என்று எதையும் சேர்க்கவும் கூடாது. பதிவு பெறாதவர் வரி வசூலிப்பதைச் சட்டத்தின் 32ஆவது பிரிவு தடை செய்கிறது. வரி என்ற பெயரில் வாங்கிய தொகையை அரசுக்குச் செலுத்தியே ஆக வேண்டும் என்கிறது 76ஆவது பிரிவு.

மூன்றாவது, வரம்பைக் கடந்த உரிமையாளர். தளம் மூலம் வந்தாலும், நேரடியாக வந்தாலும், எல்லா முன்பதிவுகளுக்கும் வரியை வசூலித்துச் செலுத்த வேண்டியவர் அவரே. பதிவு எண்ணைத் தளத்தின் கணக்குப் பக்கத்தில் அவர் பதிவேற்றியிருக்க வேண்டும்.

இதனால் ஒரே வீட்டில், ஒரே இரவில், அடுத்தடுத்த அறைகளில் தங்கும் இருவரில் தளம் மூலம் வந்தவர் வரி செலுத்துவதும், நேரடியாக வந்தவர் செலுத்தாமல் இருப்பதும் சட்டப்படி சரியே. உரிமையாளர் வரம்புக்கு உட்பட்டிருக்கும் வரைதான் இது பொருந்தும்.

ரூ.20 லட்சத்தைக் கணக்கிடுவது எப்படி?

தவறுகள் பெரும்பாலும் நேரக்கூடிய இடம் இதுதான். வங்கிக் கணக்கில் வந்து சேரும் தொகை விற்றுமுதல் ஆகாது. விருந்தினருக்கு விதிக்கப்பட்ட முழு வாடகையே, தளத்தின் கட்டணம் கழிக்கப்படுவதற்கு முன்பு உள்ள நிலையில், கணக்கில் கொள்ளப்படும். ஜிஎஸ்டி தொகை மட்டும் இதில் சேராது.

தளமே வரி செலுத்திய முன்பதிவுகளும் விற்றுமுதலில் அடங்கும். வரிவிலக்கு பெற்ற வருமானமும் அடங்கும். குடியிருப்பதற்காக மாத வாடகைக்கு விட்டுள்ள வேறொரு வீட்டின் வாடகை இதற்கு உதாரணம். ஒரே பான் எண்ணில், நாட்டின் எந்தப் பகுதியில் நடந்தாலும் எல்லாத் தொழில்களின் விற்றுமுதலும் ஒன்றாகக் கூட்டப்படும்.

ஓர் உதாரணம்: இமாச்சலப் பிரதேசத்தில் மூன்று அறைகள் கொண்ட ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர், அறை ஒன்றுக்கு ரூ.3,000 வீதம் ஓராண்டில் 180 இரவுகள் மூன்று அறைகளையும் தளம் மூலம் விடுகிறார் எனக் கொள்வோம். அதன் வாடகை ரூ.16.20 லட்சம். நேரடி முன்பதிவில் ரூ.2.50 லட்சம் வருகிறது. டெல்லியில் உள்ள அவரது அடுக்குமாடி வீட்டுக்கு மாதம் ரூ.20,000 வீதம் ரூ.2.40 லட்சம் வாடகை கிடைக்கிறது.

தளம் 15 சதவீதக் கட்டணம் பிடித்தால் அவருக்குத் தளத்திலிருந்து வருவது ரூ.13.77 லட்சம். அதன் மீதும் வரியும் பிற பிடித்தங்களும் உண்டு. அவற்றைக் கணக்கில் கொள்ளாவிட்டால்கூட, வங்கியில் அவர் காணும் மொத்தத் தொகை ரூ.18.67 லட்சம். வரம்புக்குள் இருப்பதாகவே அவர் எண்ணுவார். சட்டப்படியான விற்றுமுதலோ 16.20, 2.50, 2.40 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான ரூ.21.10 லட்சம். அவர் பதிவு பெற வேண்டியவராகிவிட்டார்.

வரம்பைக் கடந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் விண்ணப்பித்தால், கடமை ஏற்பட்ட நாளிலிருந்தே பதிவு நடைமுறைக்கு வரும். பதிவு பெறாமல் தொடர்ந்தால், செலுத்தாத வரியுடன் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும், ரூ.10,000 அல்லது வரித் தொகை இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு அபராதமும் விதிக்கச் சட்டம் வழிசெய்கிறது. விருந்தினர் ஊர் திரும்பிய பின் அவரிடம் வரியைக் கேட்டுப் பெற இயலாது என்பதால், அது முழுவதும் உரிமையாளரின் கையிலிருந்தே போகும்.

நிதியாண்டின் ஒவ்வொரு மாத முடிவிலும் முழு வாடகையைக் கூட்டி எழுதி வைப்பது இதற்கு எளிய தற்காப்பு. டிசம்பருக்குள் ரூ.15 லட்சத்தைத் தாண்டியவர்கள், ஆண்டு முடியும் முன்பே பதிவுக்கான ஆவணங்களைத் திரட்டத் தொடங்கலாம்.

வீடு ஒரு மாநிலத்தில், உரிமையாளர் வேறு மாநிலத்தில்

தங்குமிடச் சேவைக்கு, கட்டடம் எங்கு உள்ளதோ அதுவே சேவை வழங்கப்பட்ட இடம். விருந்தினரின் ஊரோ, உரிமையாளரின் ஊரோ கணக்கில் வராது. சென்னையில் வசிக்கும் ஒருவர் மூணாறில் வீடு வைத்திருந்தால், அவர் பதிவு பெற வேண்டியது கேரளத்தில்.

அவருக்கே கொடைக்கானலிலும் ஒரு வீடு இருந்து, மூணாறில் ரூ.14 லட்சம், கொடைக்கானலில் ரூ.8 லட்சம் விற்றுமுதல் எனில், தனித்தனியே பார்க்கையில் இரண்டும் வரம்புக்கு உட்பட்டவை. ஆனால் பான் எண் ஒன்றே என்பதால் மொத்தம் ரூ.22 லட்சம் ஆகிறது. கேரளத்திலும் தமிழகத்திலும் தனித்தனிப் பதிவு தேவை. இரு மாநிலங்களுக்கும் தனித்தனியாகக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

பதிவு பெற்ற பின் செய்ய வேண்டியவை

பில்லில் உரிமையாளரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி பதிவு எண், வரிசை எண், தேதி, வாடகை, மத்திய வரி, மாநில வரி ஆகியவை தனித்தனியே இடம்பெற வேண்டும். அறைச் சேவைக்கான குறியீட்டு எண் 996311. ரூ.3,000 வாடகைக்கு மத்திய வரி ரூ.75, மாநில வரி ரூ.75 எனப் பிரித்துக் காட்ட வேண்டும். பதிவுச் சான்றிதழை வீட்டில் பார்வையில் படும் இடத்தில் வைப்பதும், பெயர்ப்பலகையில் பதிவு எண்ணைக் குறிப்பிடுவதும் கட்டாயம்.

வரி உட்பட இவ்வளவு என்று முன்பே விலை பேசியிருந்தால், அந்தத் தொகைக்குள்ளிருந்தே வரியைப் பிரித்தெடுக்க வேண்டும். வரி உட்பட ரூ.3,000 என்றால் அதில் வரி ரூ.142.86. மீதமுள்ள ரூ.2,857.14 மட்டுமே வாடகை.

மாதந்தோறும் தாக்கல் செய்பவர்கள், விற்பனை விவரங்களை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்திலும், வரிச் சுருக்கத்தை 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்திலும் அளிக்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் ரூ.5 கோடிக்கு மிகாதவர்கள், மூன்று மாதங்களுக்கு ஒரு முறை கணக்குத் தாக்கல் செய்து வரியை மட்டும் மாதந்தோறும் செலுத்தும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். விருந்தினரே வராத மாதத்துக்கும் வெற்றுக் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். பனிக்காலத்தில் வீட்டைப் பூட்டி வைக்கும் மலைப்பகுதி உரிமையாளர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு ரூ.50, வெற்றுக் கணக்குக்கு ரூ.20.

தளம் பிடித்தம் செய்யும் தொகைகள்

தளத்தின் அறிக்கையில் காணப்படும் பிடித்தங்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல.

பதிவு பெற்ற உரிமையாளரின் விற்பனையில், வரி நீங்கலான மதிப்பில் 0.5 சதவீதத்தைத் தளம் ‘டிசிஎஸ்’ என்ற பெயரில் வசூலித்து அரசுக்குச் செலுத்துகிறது. 2024 ஜூலை 10க்கு முன் இது 1 சதவீதமாக இருந்தது. இது உரிமையாளரின் வரியில் ஒரு முன்பணம் மட்டுமே. ஜிஎஸ்டி இணையதளத்தில் அதை ஏற்றுக்கொண்டால் அவரது மின்னணு ரொக்கப் பேரேட்டில் வரவு வைக்கப்படும். மீதி வரியை அவரே செலுத்த வேண்டும்.

மற்றொன்று, வருமான வரிக்கான மூலப் பிடித்தமான ‘டிடிஎஸ்’. 2024 அக்டோபர் 1 முதல் இதன் விகிதம் 1 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தளம் மூலமான விற்பனை ஆண்டுக்கு ரூ.5 லட்சத்துக்கு மிகாத தனிநபர், பான் அல்லது ஆதார் எண்ணை அளித்திருந்தால் இந்தப் பிடித்தம் இல்லை. எண்ணை அளிக்காதவர்களுக்கு 5 சதவீதம் வரை பிடிக்கப்படும்.

மூன்றாவது, தளத்தின் சேவைக் கட்டணமும் அதன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும். இந்த வரி, தளம் தனது சேவைக்காக உரிமையாளரிடம் பெறுவது. விருந்தினரின் அறை வாடகை மீதான வரி அன்று. அறிக்கையில் ஜிஎஸ்டி என்ற சொல்லைப் பார்த்தவுடன் தமது வரி கட்டப்பட்டுவிட்டதாக முடிவு செய்யாமல், அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வருமான வரிக் கணக்கு

ஜிஎஸ்டி வரம்புக்கு உட்பட்டவருக்கும் வருமான வரி உண்டு. உணவு, துப்புரவு, படுக்கை விரிப்பு மாற்றுதல் போன்ற சேவைகளுடன் நாள் வாடகைக்கு விடும்போது, வருமானம் வணிக வருமானமாகக் காட்டப்படுவது வழக்கம். சிறு வணிகர்களுக்கான உத்தேச வருமான முறையைத் தேர்ந்தெடுத்தால், வங்கி வழியாகப் பெற்ற தொகையில் 6 சதவீதமும், ரொக்கமாகப் பெற்றதில் 8 சதவீதமும் குறைந்தபட்ச வருமானமாகக் கொள்ளப்படும்.

சேவை எதுவும் இன்றி வீட்டை வாடகைக்கு மட்டும் விட்டால், அது வீட்டுச் சொத்து வருமானத் தலைப்பில் வரும். அதில் 30 சதவீத நிலையான கழிவு கிடைக்கும். எந்தத் தலைப்பு பொருந்தும் என்பது அளிக்கப்படும் சேவைகளைப் பொறுத்தது என்பதால், முதல் ஆண்டிலேயே கணக்காளரிடம் கலந்து முடிவு செய்து, தொடர்ந்து அதே முறையைப் பின்பற்றுவது நல்லது.

உள்ளாட்சியும் மாநில அரசும்

அறை வாடகையில் சதவீதக் கணக்கில் வரி விதிக்க உள்ளாட்சி அமைப்புகளுக்கு அதிகாரம் இல்லை என்றாலும், அவற்றுக்குச் செலுத்த வேண்டியவை வேறு உள்ளன. வீட்டின் சொத்து வரி குடியிருப்பு விகிதத்திலா, வணிக விகிதத்திலா என்பது ஊருக்கு ஊர் மாறுபடும். மின்சாரம், குடிநீர்க் கட்டணங்களுக்கும் இது பொருந்தும். தொழில் தொடங்கும் முன் இதை உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவது பின்னாளில் எழும் நிலுவைக் கோரிக்கைகளிலிருந்து காக்கும். தொழில் வரி நடைமுறையில் உள்ள மாநிலங்களில் அதையும் செலுத்த வேண்டும். அரசியலமைப்புச் சட்டத்தின் 276ஆவது பிரிவின்படி அது ஆண்டுக்கு ரூ.2,500க்கு மேல் போகாது.

சில மாநிலங்களில் சுற்றுலாத் துறைப் பதிவு கட்டாயம். கோவாவில் 1982ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் பதிவுச் சட்டமும், இமாச்சலப் பிரதேசத்தில் 2002ஆம் ஆண்டின் சுற்றுலா மேம்பாடு மற்றும் பதிவுச் சட்டமும் இதற்கு அடிப்படை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே அங்கீகாரத் திட்டத்தில், உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும்; ஆறு அறைகள், 12 படுக்கைகள் என்ற உச்சவரம்பு உண்டு. இத்தகைய அங்கீகாரம் ஜிஎஸ்டி பதிவுக்கு மாற்று ஆகாது. ஜிஎஸ்டி பதிவும் சுற்றுலாத் துறைப் பதிவுக்கு மாற்று ஆகாது.

தங்குமிடத்தில் வசூலிக்கப்படும் தனிக் கட்டணத்துக்கு சிக்கிம் மாநிலம் உதாரணம். 2025ஆம் ஆண்டில் அங்கு நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சுற்றுலாப் பயணி ஒருவருக்கு ரூ.50 வீதம் தங்குமிடத்தில் பதிவு செய்யும்போதே வசூலிக்கப்படுகிறது. இது பயணியிடமிருந்து பெற்று அரசிடம் சேர்க்க வேண்டிய தொகை. இத்தகைய வசூலை அறை வாடகையுடன் கலக்காமல், தனி ரசீதும் தனிக் கணக்கும் வைப்பதே முறை.

அடிக்கடி எழும் கேள்விகள்

விருந்தினர் பயணத்தை ரத்து செய்தால் வரி உண்டா?

பதிவு பெற்ற உரிமையாளர் ரத்துக் கட்டணமாக ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டால், அதற்கும் வரி உண்டு. அறைக்குப் பொருந்தும் அதே விகிதம் ரத்துக் கட்டணத்துக்கும் பொருந்தும் என 2022 ஆகஸ்டில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்தியது. முழுத் தொகையையும் திருப்பித் தந்துவிட்டால் வரிப் பொறுப்பு எஞ்சாது.

முன்பணத்துக்கு எப்போது வரி?

சேவைகளைப் பொறுத்தவரை, பணம் பெற்ற தேதி அல்லது பில் தேதி இவற்றில் எது முந்தியதோ அதுவே வரிக்கான தேதி. டிசம்பர் விடுமுறைக்காக அக்டோபரில் முன்பணம் பெற்றால், அக்டோபர் மாதக் கணக்கில் அதைக் காட்ட வேண்டும்.

காலை உணவுக்குத் தனி வரியா?

அறை வாடகைக்குள் அடங்கியதாகக் காலை உணவு வழங்கப்பட்டால், அறைக்கான விகிதமே முழுத் தொகைக்கும் பொருந்தும். தனி விலையில் தரப்படும் உணவு, உணவகச் சேவையாகக் கருதப்படும்.

நீண்ட நாள் தங்குபவருக்கு விலக்கு உண்டா?

2024 ஜூலை 15 முதல், ஒருவருக்கு மாதம் ரூ.20,000க்கு மிகாத கட்டணத்தில், தொடர்ச்சியாகக் குறைந்தது 90 நாள்களுக்கு அளிக்கப்படும் தங்குமிடச் சேவைக்கு வரிவிலக்கு உள்ளது. மாணவர், பணியாளர் விடுதிகளை மனத்தில் கொண்டு இது அறிமுகமானது. ஒரு வாரம், இரு வாரம் தங்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு இது பொருந்தாது.

தளத்தில் அறிமுகமானவர் அடுத்த முறை நேரடியாகப் பணம் அனுப்பினால்?

அந்த முன்பதிவுக்குத் தளத்துக்கும் வரிக்கும் தொடர்பில்லை. உரிமையாளர் வரம்பைக் கடந்தவர் எனில், யுபிஐ வழியாக வந்த அந்தத் தொகைக்கும் பில் கொடுத்து வரி செலுத்த வேண்டும். வரம்புக்கு உட்பட்டவர் எனில் வரி இல்லை. ஆனால் தொகை விற்றுமுதலில் சேரும்.

கணக்குகளை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும்?

பதிவு பெற்றவர்கள், அந்த ஆண்டுக்கான ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்கள் ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும். வரம்புக்கு உட்பட்டவர்களும் விருந்தினர் பதிவேடு, தளத்தின் மாத அறிக்கைகள், நேரடி முன்பதிவு ரசீதுகள் ஆகியவற்றை ஆண்டு வாரியாகச் சேமித்து வைப்பது அவசியம். வரி அலுவலகம் விளக்கம் கேட்கும்போது, விற்றுமுதல் ரூ.20 லட்சத்துக்குள் இருந்ததை மெய்ப்பிக்க அவை உதவும்.